குச்சி சாய்ந்திருந்ததை வீடியோ கால் காட்டவில்லை: ஓர் ஏழாம் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

கரும்பலகையில் 43,200 என்று எழுதி, பக்கத்தில் கி.மீ. என்று போட்டேன். இரண்டு பள்ளிகள், இரண்டு குச்சிகள், 40 நிமிட வீடியோ கால், காது கிழியும் கூச்சல், எல்லாம் முடிந்து கிடைத்த பூமியின் சுற்றளவு இதுதான். துருவங்கள் வழியாகச் சுற்றி வந்தால் உண்மையான அளவு சுமார் 40,008 கி.மீ. நாங்கள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பூமியை ஊத வைத்திருந்தோம்.

பிள்ளைகளுக்கு இதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. திரையில் வேறொரு பள்ளியைப் பார்த்தாயிற்று, கையசைத்தாயிற்று, அது போதும். எனக்குத்தான் உறுத்தியது. எங்கே தப்பு நடந்தது என்று அன்று வகுப்பில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவி, அதுவும் அன்று இரவு அவள் அப்பாவின் போனிலிருந்து அனுப்பிய ஒரு வாய்ஸ் நோட்டில். வீடியோ காலையும் மெசேஜையும் வகுப்பில் பயன்படுத்துவது பற்றி என் எண்ணம் மாறியது அந்த இரவில்தான். ஒரு பருவம் முழுக்க என்ன செய்தோம், எது உருப்பட்டது, எது சொதப்பியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பின்னணி

நான் அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்பு, 36 பேர். ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், சுமாரான இணையம், இவ்வளவுதான் கருவிகள்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் வீடியோ கால் என்றதும் எல்லோருக்கும் 2020 ஞாபகம் வந்துவிடுகிறது. உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடி, 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்த காலம் அது. அப்போது வீடியோ கால்தான் வகுப்பு, வேறு வழி கிடையாது. நான் சொல்வது வேறு கதை. பிள்ளைகள் எல்லோரும் என் முன்னால் இருக்கிறார்கள், சாக்பீஸ் கையில் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது. அப்படியிருக்க ஒரு வீடியோ காலை எதற்காக உள்ளே கொண்டுவர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆரம்பித்தால் அது வேடிக்கை காட்டுவதோடு முடிந்துவிடும். எனக்குப் பதில் இருப்பதாகத்தான் நினைத்து ஆரம்பித்தேன்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்த கணக்குதான் பாடம். எகிப்தில் சையீன் என்ற ஊரில் கோடைச் சங்கராந்தி அன்று, அதாவது ஆண்டின் மிக நீண்ட பகல் உள்ள நாளில், நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும், நிழல் விழாது. அதே நேரம் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் விழும், சூரியன் உச்சியிலிருந்து 7.2 பாகை தள்ளி இருக்கும். 7.2 என்பது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியென்றால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. ஒரு குச்சியும் ஒரு நிழலும் இருந்தால் போதும், ஆனால் இரண்டு ஊர் வேண்டும். இந்த இரண்டாவது ஊருக்காகத்தான் வீடியோ கால்.

என்னோடு ஆசிரியர் பயிற்சியில் படித்த நண்பர் ஒருவர் எங்களுக்கு வடக்கே வேறு ஊரில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறார். வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்ததில் வடக்கு தெற்காக 444 கி.மீ. வந்தது. (இந்தத் தூரத்தை அட்சரேகையிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கக் கூடாது. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று நாம் எடுத்துக்கொள்வதே பூமியின் சுற்றளவு தெரிந்திருப்பதால்தான். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற கதையாகிவிடும்.)

முதல் வீடியோ கால்

இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் குச்சி. எங்கள் நிழல் 40.4 செ.மீ., அவர்களுடையது 48.1 செ.மீ. முக்கோணவியல் ஏழாம் வகுப்புக்கு எட்டாது என்பதால் நிழல் நீளத்தைக் கொடுத்தால் கோணம் சொல்லும் ஓர் அட்டவணையை நானே தயாரித்துக் கொடுத்திருந்தேன். 22.0 பாகை, 25.7 பாகை. சையீன் போல இல்லாமல் இரண்டு ஊரிலும் நிழல் விழுவதால் இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும்: 3.7. அப்புறம் 444-ஐ 360-ஆல் பெருக்கி 3.7-ஆல் வகுத்தால் 43,200.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் கணக்குக்குப் போனது பத்து நிமிடம் கூட இருக்காது. மிச்ச நேரம் எங்கே போனது என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன், நான் கேட்காமலேயே, நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணியிருந்தான்: இரண்டு பக்கமும் சேர்த்து “கேக்குதா?” என்று கேட்டது 53 முறை. நான் அந்த நோட்டை வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். இந்த நிகழ்வு ஆய்வில் ஒழுங்காக எடுக்கப்பட்ட முதல் அளவீடு அதுதான்.

ஏன் 53 முறை? இணையம் மோசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான் உண்மை. நேரில் இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே விழும் இடைவெளி மிகக் குறைவு, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பத்து மொழிகளில் அளந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, மொழிக்கு மொழி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எல்லாமே அதைச் சுற்றித்தான். வீடியோ காலில் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த நல்ல நிலையிலும் போக வர 300 மில்லிவிநாடி. நான் கேள்வி கேட்கிறேன், பதில் வரவில்லையே என்று மறுபடி வாயைத் திறக்கிறேன், சரியாக அந்த நேரத்தில் அவர்கள் பதில் வந்து சேர்கிறது, இரண்டு பேரும் நிறுத்துகிறோம், இரண்டு பேரும் “நீங்க சொல்லுங்க” என்கிறோம், மறுபடி இரண்டு பேரும் நிறுத்துகிறோம். முப்பத்தாறு பேர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். நான் இதை வகுப்பில் கடைப்பிடிக்க முயல்கிற ஆள், மனதுக்குள் மூன்று எண்ணுவேன். ஆனால் வீடியோ காலில் மூன்று விநாடி மௌனம் என்றால் லைன் போய்விட்டது என்று அர்த்தம். உடனே “கேக்குதா?”. பிள்ளைகள் யோசிப்பதற்கு இருந்த இடத்தை அந்த ஒரு சொல் தின்றுவிட்டது. அன்று பதில் சொன்னவர்கள் யார் யார் என்று பார்த்தால், எப்போதும் பதில் சொல்கிற அதே ஐந்து பேர், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து “வணக்கம்” சொன்னார்கள், அந்தப் பக்கத்துக்கு ஏதோ இரைச்சல் மாதிரி அறுந்து அறுந்து போனதாம். காரணம் எளிது. பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி இந்தச் செயலிகளில் தானாகவே வேலை செய்யும், அது ஒரு ஆள் பேசுவதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. முப்பத்தாறு குரல் ஒன்றாக வந்தால் அதற்கு அது சந்தைக் கூச்சல். வகுப்பாகச் சேர்ந்து சொல்வது, பாடுவது, ஒப்பிப்பது எதையும் வீடியோ காலில் வைத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் ஒரே அறையில் இரண்டு கருவிகளை ஒரே காலில் சேர்க்கவே கூடாது. எங்கள் பள்ளியின் இன்னொரு ஆசிரியர் ஆர்வத்தில் தன் போனிலும் சேர்ந்தார், ஒன்றின் ஒலிபெருக்கியில் வந்தது மற்றதன் மைக்கில் போய், ஊளை கிளம்பி, பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் பிரமாதமாக நடந்தது. தொடக்கத்தில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம்: எதிர்ப்பக்கம் எங்கே இருக்கிறது என்று ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மட்டும் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். “மிஸ்டரி ஸ்கைப்” என்ற பெயரில் ஆசிரியர்களிடையே பல ஆண்டுகள் ஓடிய விளையாட்டு. ஸ்கைப் என்ற வீடியோ கால் செயலி 2003-ல் வந்து 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது, விளையாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஏன் ஓடுகிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசுகிறது. பதில் ஒரே சொல், அதையும் பச்சை அட்டை, சிவப்பு அட்டை என்று தூக்கிக் காட்டிவிடலாம், ஒலி தேவையே இல்லை. கேள்வி கேட்பதற்கு முன்னால் மியூட் போட்டுவிட்டு வரைபடத்தைச் சுற்றி நின்று விவாதிக்கிறார்கள். மியூட் போட்ட அந்த நேரத்தில்தான் அன்றைய உருப்படியான பேச்சு முழுக்க நடந்தது.

அந்த இரவு

அன்று மாலை நண்பர் தங்கள் பக்கம் எடுத்த படங்களை எனக்கு அனுப்பினார், சுவரில் ஒட்ட ஆகும் என்று. நான் அதை வகுப்புக் குழுவில் போட்டேன்.

குழு என்றால் பிள்ளைகளின் குழு இல்லை. ஏழாம் வகுப்பில் பெரும்பாலோருக்கு 12 வயது, சொந்தமாக வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. ஆகவே குழுவில் இருப்பது அப்பாக்களும் அம்மாக்களும். பிள்ளைகள் அவர்கள் போனில் பார்ப்பார்கள், அதுவும் போன் வீட்டுக்கு வந்த பிறகு. எனக்கு வரும் மெசேஜ் எல்லாம் யாரோ ஒரு அப்பாவின் பெயரில், பைக்கில் சாய்ந்து நிற்கும் படத்தோடு வரும். திறந்தால் “மிஸ் ஹோம்வொர்க் எந்தப் பக்கம்” என்று இருக்கும்.

இரவு 8:50-க்கு ஒரு வாய்ஸ் நோட். ஒரு நிமிடம் 12 விநாடி. முதல் இருபது விநாடியில் மூச்சுச் சத்தமும் பின்னால் டிவியும்தான். அப்புறம் ஒரு சின்னக் குரல்: “மிஸ்... அந்தக் குச்சி நேரா இல்ல மிஸ். பின்னாடி கதவு நிலை தெரியுதுல்ல, அதுக்கும் குச்சிக்கும் நடுவுல கீழ அகலமா இருக்கு, மேல போகப் போகக் குறுகலா இருக்கு. நான் போன் மேல ஸ்கேல் வச்சுப் பார்த்தேன்.” கடைசியில், “தப்பா இருந்தா விட்டுருங்க மிஸ்.”

ஜூனிலிருந்து அந்தப் பெண் வகுப்பில் தானாகப் பேசி நான் கேட்டதில்லை. வருகைப் பதிவில் “உள்ளேன்” சொல்வதோடு சரி.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெசேஜில் போகும்போது படம் சுருங்கிவிடுவதால் விளிம்புகள் பிசிறடித்திருந்தன. நண்பரிடம் அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னேன், அப்படி அனுப்பினால் சுருக்காமல் அப்படியே வரும். சந்தேகமே இல்லை. குச்சியின் மேல்முனை சூரியன் இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தது. மறுநாள் காலை அவர் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துச் சொன்னார்: கிட்டத்தட்ட 6 மி.மீ.

குச்சியின் நுனி சூரியன் பக்கம் 6 மி.மீ. சாய்ந்தால் நிழலின் நுனியும் அதே 6 மி.மீ. உள்ளே வந்துவிடும். 48.1 என்று அவர்கள் அளந்தது 48.7 ஆக இருந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு மில்லிமீட்டர் சேர்த்து 48.8 என்றால் கோணம் 26.0, வித்தியாசம் சரியாக 4, விடை 39,960 கி.மீ. அதாவது ஒரு குச்சியின் தலையில் ஏழு மில்லிமீட்டர், பூமியின் இடுப்பில் மூவாயிரம் கிலோமீட்டர். இதை வகுப்பில் சொன்னபோது எழுந்த சத்தம் வீடியோ காலில் கையசைத்தபோது எழுந்ததைவிடப் பெரியது.

சரி, நாற்பது நிமிடம் அந்தக் குச்சியை எழுபது பேர் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தோமே, ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? காரணம் கேமரா நின்ற இடம். நிழல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று லேப்டாப்பை நிழல் விழும் பக்கமே வைத்திருந்தார்கள். குச்சி சாய்ந்தது கேமராவுக்கு நேர் எதிர்த் திசையில். அந்தக் கோணத்தில் பார்த்தால் எவ்வளவு சாய்ந்தாலும் நேராகத்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று எவரோ ஒரு மாணவர் எடுத்த படத்தில்தான் சாய்வு தெரிந்தது. போதாததற்கு வீடியோ எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது, ஸ்கேல் வைத்து அளக்க அது நிற்பதில்லை. படம் நிற்கும். அதைப் பெரிதாக்கலாம், மூடி வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கலாம், பேச பயமாக இருந்தால் டிவி சத்தத்துக்கு நடுவில் இருபது விநாடி மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு தப்பும் என்னுடையது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் “ஒரே நேரத்தில்” அளக்க வேண்டும், அதற்குத்தான் வீடியோ கால் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். யோசித்தால் அது தேவையே இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் தன் நடுப்பகலில், நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது அளந்தால் போதும். தீர்க்கரேகை ஒரு பாகை தள்ளி இருந்தால் நடுப்பகல் நான்கு நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே ஒரே நொடியில் அளப்பதுதான் உண்மையில் தவறு. எங்கள் விஷயத்தில் அதனால் வந்த பிழை ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், பெரிய சேதமில்லை. ஆனால் கருவி கையில் இருக்கிறது என்பதற்காக அதற்கு ஒரு வேலையை நான் கற்பனை செய்திருக்கிறேன் என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

குழுவில் நடந்த அசம்பாவிதம்

மெசேஜ்தான் நல்லது, வீடியோ கால் வீண் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு கட்ட வேண்டாம். அடுத்த வாரமே மெசேஜ் என் காலை வாரியது.

குச்சி விஷயத்தில் வந்த உற்சாகத்தில், எல்லோரும் தங்கள் கணக்கைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள் என்றேன். ஒரு மாணவன் தசமப் புள்ளியைத் தவறவிட்டு 4,320 கி.மீ. என்று விடை போட்டிருந்தான். யாரோ ஒரு பெற்றோர் சிரிக்கிற எமோஜி போட்டார். இன்னும் நான்கைந்து பேர் போட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, வேலைக்கு நடுவில் கட்டைவிரல் போகிற போக்கில் போடுவதுதான். ஆனால் அந்தப் பையனின் அப்பா அதை அவனிடம் காட்டியிருக்கிறார். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தான், நோட்டு கொண்டுவரவில்லை.

வகுப்பில் ஒருவன் தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், நான் முறைப்பேன், அடுத்த நிமிடம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். குழுவில் சிரிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. யார் யார் சிரித்தார்கள் என்று தொட்டுப் பார்க்கலாம். இந்த வித்தியாசம் எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

அன்றோடு குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றினேன். குழு என்பது இனிமேல் அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். பிள்ளைகளின் கேள்வியும் விடையும் பள்ளி எண்ணுக்குத் தனியாக வரட்டும். ஆனால் ஓர் ஆசிரியரும் ஒரு குழந்தையும் தனி மெசேஜில் பேசிக்கொள்வது, அது பெற்றோர் போனாகவே இருந்தாலும், நல்ல ஏற்பாடு இல்லை; பல பள்ளிகள் அதைத் தடை செய்தே வைத்திருக்கின்றன, சரிதான். அதனால் என் சொந்த எண்ணைக் கொடுக்கவில்லை. பள்ளி போனில் கணக்கு, அதையே அலுவலகக் கணினியிலும் இணைத்துவிட்டோம், இன்னொரு ஆசிரியையும் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரே கணக்கை நான்கு கருவிகள் வரை இணைக்கலாம் என்பது இப்படி ஒரு காரியத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை.

நேரமும் வைத்தோம். மாலை 7 முதல் 8 வரை நான் பதில் சொல்வேன். அதற்குப் பிறகு வந்தால் மறுநாள். முதல் வாரம் இதை நானே மீறினேன், ஒன்பதரைக்கு ஒரு நல்ல கேள்வி வந்தால் கை சும்மா இருக்குமா. பதில் போட்டேன், அடுத்த நாள் பத்து மணிக்கு மூன்று கேள்விகள். அப்புறம்தான் நிறுத்தினேன். மெசேஜ் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பது பிள்ளைகளுக்கு வசதி, எப்போது வேண்டுமானாலும் பதில் போகும் என்று ஆகிவிட்டால் ஆசிரியருக்கு இரவே இருக்காது.

எழுதி அனுப்புவதைவிடக் குரலில் அனுப்பச் சொன்னது நல்லதாகப் போயிற்று. பன்னிரண்டு வயதில் போனில் தமிழ் தட்டுவது பெரிய வேலை, தட்டினால் “மிஸ் புரியல” என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடும். பேசச் சொன்னால் என்ன புரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள், சொல்லும்போதே பாதி பேருக்குப் புரிந்தும் விடுகிறது, “சரி மிஸ், இருங்க, வந்துருச்சு” என்று நடுவிலேயே முடித்துவிட்ட வாய்ஸ் நோட்டுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. டேட்டா கணக்கும் சாதகம். வீடியோ காலுக்கு விநாடிக்கு 600 கிலோபிட் என்று வைத்தாலே 40 நிமிடத்துக்கு ஒரு பக்கத்துக்கு 180 எம்பி. ஒரு நிமிடக் குரல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும்.

இரண்டாவது அளவீடு

இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தோம். இந்த முறை எல்லாம் தலைகீழ். அளவீடு அவரவர் பள்ளியில், அவரவர் நடுப்பகலில், வீடியோ கால் இல்லாமல். பதினைந்து நிமிடம் முன்னாலிருந்தே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வந்து, மிகக் குட்டையானதை எடுத்தோம். தூக்குக்குண்டு இரண்டு பக்கமும் கட்டாயம். குச்சியைப் பக்கவாட்டிலிருந்தும் நிழல் பக்கமிருந்தும் இரண்டு படம் எடுத்து, ஆவணமாக அனுப்ப வேண்டும்.

படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்து மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: நிழலின் நுனி எங்கே முடிகிறது? நல்ல கேள்வி. சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலம் உள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கிக் கரையும். நாங்கள் துரத்திக்கொண்டிருந்த பிழையே ஏழு மில்லிமீட்டர்! ஒரு பக்கம் கருப்பு முடியும் இடத்திலும் மறுபக்கம் சாம்பல் முடியும் இடத்திலும் அளந்தால் எல்லாம் போச்சு. இதைத் தீர்மானிக்கத்தான் இரண்டாவது வீடியோ காலை வைத்தோம். 12 நிமிடம். இரண்டு பக்கமும் நிழலைக் கேமராவில் காட்டி, பென்சிலை நகர்த்தி, “இங்கயா? இன்னும் கொஞ்சம்... அங்க” என்று சொல்லிச் சொல்லி, மங்கலின் நடுவில் புள்ளி வைப்பது என்று ஒத்துக்கொண்டோம். இதை மெசேஜில் பேசியிருந்தால் ஒரு வாரம் இழுத்திருக்கும். விரலை வைத்துக் காட்டி, எதிராளி தலையாட்டுவதை உடனே பார்க்க வேண்டிய வேலை அது, வீடியோ கால் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தக் காலில் இன்னும் இரண்டு மாற்றம் செய்திருந்தோம். ஒன்று, எங்கள் முகம் எங்களுக்கே தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிட்டேன். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது வீடியோ கால் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் களைப்பு இல்லை, தலை சீவுதல்தான் பிரச்சினை. இரண்டு, பேசி முடித்ததும் “அவ்வளவுதான்” என்று சொல்ல வேண்டும், அது வரும்வரை மறுபக்கம் வாய் திறக்கக் கூடாது. பழைய ஒயர்லெஸ் பேச்சு மாதிரி சிரிப்பாக இருந்தது, ஆனால் வேலை செய்தது. “கேக்குதா?” இந்த முறை நான்கு தடவைதான், அதில் மூன்று நான்.

வித்தியாசம் 4.1 பாகை. 38,985 கி.மீ. இப்போது ஆயிரம் கிலோமீட்டர் குறைவு. பிள்ளைகள் கொஞ்சம் ஏமாந்தார்கள், 40,000 வரும் என்று எதிர்பார்த்தார்கள் போல. ஆனால் அந்த ஆயிரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு பாடவேளை முழுக்க வாதாடினார்கள். முதல் தடவை 43,200 வந்தபோது ஒருவரும் வாதாடவில்லை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். வரைபடத்தில் ஸ்கேல் வைத்த தூரமே தப்பாக இருக்கலாம் என்று சொன்னது, 4,320 என்று விடை போட்ட அதே பையன்.

வாய்ஸ் நோட் அனுப்பிய பெண் வகுப்பில் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இன்னும் “உள்ளேன்” மட்டும்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை பைக் படத்தோடு ஒரு வாய்ஸ் நோட் வருகிறது, மறுநாள் காலை அவள் அனுமதி கேட்டு அதை வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். அவள் குனிந்துகொண்டு கேட்கிறாள். மற்றவர்கள் அவளுக்குப் பதில் சொல்கிறார்கள். அவள் அப்பா ஒருமுறை பள்ளிக்கு வந்தபோது, “மிஸ், ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் என் போன் என்னோடது இல்ல” என்றார். புகாரா பெருமையா என்று தெரியவில்லை.

இன்னும் சரிவராதது

36 பேரில் ஐந்து பேருக்கு மாலையில் போன் கிடைப்பதில்லை. ஒருவனின் அம்மா வேலை முடிந்து வரவே பத்து மணி. இவர்களுக்காக வகுப்பில் ஒரு அட்டைப் பெட்டி வைத்தேன், கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதிப் போட்டால் நான் படித்துக் குரலில் பதில் பதிவு செய்து, மறுநாள் காலை மற்ற வாய்ஸ் நோட்டுகளோடு சேர்த்துப் போடுவேன். சமமா என்று கேட்டால் இல்லை. மற்றவர்கள் அன்றிரவே இரண்டு முறை கேட்டுத் திரும்பக் கேள்வி கேட்கிறார்கள், இவர்களுக்கு ஒரு சுற்று முடிய இரண்டு நாள். மதிய இடைவேளையில் பள்ளி போனைக் கொடுத்துப் பார்த்தேன், விளையாட்டு நேரம் போகிறதென்று யாரும் வரவில்லை, நியாயம்தான்.

போன வாரம் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது: “குச்சி இல்லாமல் ராத்திரியில் நிலாவை வைத்து அளக்க முடியுமா?” நிலா வேகமாக நகரும், நமக்குக் கிட்டத்திலும் இருக்கிறது, கணக்கு சிக்கலாகிவிடும் என்று பதில் பதிவு செய்தேன். அப்புறம் தாளைப் படமெடுத்து நண்பருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “நிலா வேண்டாம், துருவ நட்சத்திரம்.” அது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பதை இரண்டு ஊரிலும் அளந்தால், வித்தியாசம் நமக்கு வேண்டிய அதே கோணம். நிழல் வேண்டாம், நடுப்பகல் வேண்டாம், கோணமானியில் நூல் கட்டி ஒரு சின்னக் கல் தொங்கவிட்டால் போதும். ஆனால் இரவில்தான் செய்ய முடியும், அப்போது பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், ஆகவே வீடியோ காலுக்கு வழியில்லை. அடுத்த பருவத்துக்கு இதைத்தான் வைத்திருக்கிறோம். தாள் போட்ட பையனிடம் சொன்னேன். அம்மா பத்து மணிக்கு வந்த பிறகு அளந்தால் பரவாயில்லையா, நட்சத்திரம் அங்கேயே இருக்குமா என்று கேட்டான். கிட்டத்தட்ட அங்கேயேதான் இருக்கும் என்றேன்.